அமெச்சூர் சினிமாக் கழகங்களும் போட்டிகளும்: ஒரு சமூகவியல் நோக்கு

1

கலைப்படைப்புகளைப் பற்றி நாம் நிறைய எழுதுகின்றோம். அவை பிறக்கும் நிறுவனங்களைப் பற்றி அரிதாகவே எழுதுகின்றோம். ஒரு குறும்படத்தின் கதையும் கமராக் கோணமும் நடிப்பும் விமரிசகரின் கவனத்தை எளிதிற் பெற்றுவிடுகின்றன. அப்படம் எக்கழகத்தில், எவருடைய செலவில், எப்போட்டியின் விதிகளுக்கமைய உருவாயிற்று என்னும் வினாக்களோ விமரிசனத்திற்குப் புறம்பானவை என ஒதுக்கப்படுகின்றன. கைத்தொலைபேசியே கமராவாகவும் படத்தொகுப்பு மேசையாகவும் பயன்படும் இன்றைய சூழலில், பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் படமெடுக்கும் குழுக்கள் தோன்றுவது இயல்பே. அக்குழுக்கள் பல ஏதேனுமொரு போட்டியின் அறிவித்தலோடு பிறந்து, முடிவுகளின் அறிவித்தலோடு மறைந்துவிடுவதும் நாம் காண்பதொன்றே.

இக்கட்டுரையில் மூன்று வினாக்களை எடுத்துக்கொள்கின்றோம். அமெச்சூர் சினிமாக் கழகம் எந்தச் சமூக நிலைமைகளிலே தோன்றியது? போட்டி என்னும் அமைப்பு அதன் இயக்கத்தையும் படைப்புகளின் வடிவத்தையும் எவ்வாறு பாதித்தது? மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில், குறிப்பாக வந்தாறுமூலைப் பல்கலைக்கழகச் சூழலில், அத்தகைய கழகமொன்று எவ்வழியிற் செல்லுதல் வேண்டும்? மூன்றாவது வினாவுக்கு விடை காண்பதற்காகவே முதலிரண்டையும் ஆராய்கின்றோம்.

2

'அமெச்சூர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வேர்ப்பொருள் நேசிப்பவர் என்பதாகும். ஊதியம் கருதாது விருப்பினால் ஒரு கலையிற் பயில்பவரை அது குறித்தது. எமது நாடக விமரிசனத்திலும் இச்சொல் நீண்டகாலமாக வழங்கிவருகின்றது. ஆயின், தேர்ச்சி குன்றியவர் என்ற இழிபொருளும் அதனோடு ஒட்டிக்கொண்டுள்ளது. இவ்விரு பொருள்களுக்கும் இடையிலுள்ள முரண்பாடு சமூகத்தில் நிலவும் உழைப்புப் பிரிவினையின் மொழிவழித் தோற்றமேயாகும். கலைத்திறன் சிலரிடத்தே குவிந்திருப்பதும், பெருந்திரளான மக்களிடத்தே அது அமுக்கப்பட்டிருப்பதும் உழைப்புப் பிரிவினையின் விளைவுகள் என்பதை மார்க்சும் ஏங்கெல்சும் 1845-46 இல் எழுதிய 'ஜெர்மன் கருத்தியல்' என்னும் நூலிற் சுட்டினர். அமெச்சூர் கலையைப் பற்றிய எந்த ஆய்வும் இங்கிருந்தே தொடங்குதல் தகும்.

சினிமா தோன்றிய காலத்திலிருந்தே பெருமூலதனத்தை வேண்டிநின்ற கலை. தொழிற்துறையினர் பயன்படுத்திய 35 மி.மீ. நைத்திரேற்றுச் சுருள் விலையுயர்ந்தது, எளிதில் தீப்பற்றுவது. 1922 இல் பிரான்சின் பாதே நிறுவனம் 9.5 மி.மீ. சுருளையும், 1923 இல் அமெரிக்காவின் கொடக் நிறுவனம் 16 மி.மீ. பாதுகாப்புச் சுருளையும் அறிமுகஞ் செய்தன. 1932 இல் வந்த 8 மி.மீ. முறையில், 16 மி.மீ. சுருளின் இரு பாதிகளும் வெவ்வேறாகப் பயன்பட்டமையாற் செலவு மேலும் குறைந்தது. 1965 இல் 'சுப்பர் 8' வந்தபோது, சுருளைக் கமராவினுட் கோக்கும் சிரமமும் நீங்கிற்று. சினிமாவைச் சனநாயகப்படுத்திய மாற்றங்கள் என இவற்றைப் போற்றுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மையாகாது. இந்நிறுவனங்கள் தேடியது புதிய கலைஞரையன்று, புதிய நுகர்வோரையே. கமரா வாங்கியவர் சுருளையும் தொடர்ந்து வாங்கவேண்டியிருந்தது.

1926 இல் நியூயோர்க்கில் அமெச்சூர் சினிமா லீக் என்னும் அமைப்பு தோன்றியது. அதன் நிறுவுநர் ஹைரம் பேர்சி மக்ஸிம் என்னும் பொறியியலாளர். துப்பாக்கியின் ஒலியடக்கியைக் கண்டுபிடித்தவர். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மக்ஸிமின் மகன். தனிமனிதரின் பின்னணியைக் கொண்டு ஓர் இயக்கத்தை எடைபோடுதல் எமது நோக்கமன்று. எனினும், வாங்கும் வசதியும் ஓய்வுநேரமும் தொழினுட்ப அறிவும் ஒருங்கே வாய்த்த வர்க்கத்தினரே தொடக்கத்தில் இவ்வியக்கத்தைத் தாங்கினர் என்பதை இத்தகவல் தெளிவாகவே உணர்த்துகின்றது. அமெச்சூரின் சுதந்திரம் ஓய்வுநேரத்தின் சுதந்திரம். ஓய்வுநேரம் சமமாகப் பகிரப்படாத சமூகத்தில் அச்சுதந்திரமும் சமமாகப் பகிரப்படுவதில்லை.

3

கழகங்கள் பெருகியதும் போட்டிகள் வந்தன. அமெச்சூர் சினிமா லீக்கின் சஞ்சிகை 1930 முதல் ஆண்டின் சிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தது. 1931 இல் பிரசெல்சில் அனைத்துலகப் போட்டியொன்று நடைபெற்றது; அதன் தொடர்ச்சியாக 1937 இல் பரிசில் 'உனிகா' என்னும் அனைத்துலக ஒன்றியம் அமைந்தது. பிரித்தானியாவிலும் 1930 களில் சஞ்சிகையொன்றின் ஆதரவில் 'சிறந்த பத்து' போட்டி வேர்கொண்டது.

இப்போட்டிகள் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடலாகாது. வீட்டின் நாற்சுவருக்குள் உறவினருக்குக் காட்டப்பட்டுவந்த படம் முன்பின் அறியாதவரின் பார்வைக்கு வந்தது. எடுத்த காட்சிகளைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் கட்டாயம் ஏற்பட்டது. விமரிசனத்துக்குக் காதுகொடுக்கும் பழக்கம் வளர்ந்தது. தனிப்பட்ட பொழுதுபோக்குச் சமூகத் தன்மை பெறுவதற்குப் போட்டியே வாயிலாயிற்று.

எனினும், அதே போட்டி மற்றொரு பணியையும் ஆற்றிற்று. ஒன்றோடொன்று ஒப்பிடவியலாத அநுபவங்களை ஒப்பிடக்கூடியனவாக ஆக்குவதற்கு அவற்றைப் பொது அளவுகோலொன்றுக்குட் கொண்டுவருதல் வேண்டும். கால எல்லை, பிரிவுகள், புள்ளித்திட்டம், நடுவர் குழு என்பன அவ்வளவுகோலின் உறுப்புகள். சந்தையிலே வெவ்வேறு பண்டங்கள் பணத்தின் வாயிலாகச் சமப்படுத்தப்படுவது போல, போட்டியிலே வெவ்வேறு வாழ்க்கைகள் புள்ளிகளின் வாயிலாகச் சமப்படுத்தப்படுகின்றன. புள்ளி வழங்கத்தக்கது எதுவோ அதுவே முதன்மை பெறுகின்றது. ஒளியமைப்புக்குப் புள்ளி உண்டு. படமெடுக்கப்பட்டவரின் சம்மதத்துக்குப் புள்ளி இல்லை. படத்தொகுப்புக்குப் புள்ளி உண்டு. படம் எடுக்கப்பட்ட ஊரிலே அது காட்டப்பட்டதா என்பதற்குப் புள்ளி இல்லை. தொழிற்துறைச் சினிமாவின் அளவுகோல்களே நடுவர்களின் அளவுகோல்களாக அமைவதால், சந்தைக்கு வெளியே பிறந்த அமெச்சூர் படம் அச்சந்தையின் சாயலைத் தானாகவே வரித்துக்கொள்கின்றது.

4

இப்போக்குக்கு மாறான மரபும் உண்டு. 1930 இல் நியூயோர்க்கில் தோன்றிய தொழிலாளர் திரைப்பட, நிழற்பட லீக், பொருளாதார மந்தக் காலத்து வேலையற்றோரின் பட்டினி ஊர்வலங்களைப் பதிவுசெய்தது. வணிகச் செய்திப்படங்கள் மறைத்தவற்றைத் தொழிலாளருக்கே திருப்பிக் காட்டுதல் அதன் நோக்கமாயிருந்தது. அங்கே படத்தின் தரத்தை நிறுத்தறிந்தவர்கள் கூட்ட மண்டபங்களில் அமர்ந்திருந்த தொழிலாளரே.

யூகோஸ்லாவியாவின் அநுபவம் மேலும் சிக்கலானது, எமக்குப் பயன்மிக்கது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 'மக்கள் தொழினுட்பம்' என்னும் அமைப்பின்கீழ்ச் சினிமாக் கழகங்கள் அரச ஆதரவு பெற்றன. கருவிகள் கழகத்தின் பொதுச் சொத்தாக இருந்தமையால், தனியொருவரின் வாங்கும் வசதி தடையாக அமையவில்லை. பெல்கிரேட் கழகத்திலிருந்து துசான் மகவேயெவ், சிவோயின் பாவ்லோவிச் ஆகியோரும், நோவிசாட் கழகத்திலிருந்து சேலிமிர் சில்னிக்கும் வெளிவந்தனர். சாகிரெப் நகரில் 1963 இல் தொடங்கிய 'கெஃப்' விழா, பரிசுக்கு நிகராக விவாதத்தையும் முன்வைத்தது. மார்க்சின் இளமைக்கால எழுத்துகளை நினைவூட்டும் தலைப்புடன் சில்னிக் ஆக்கிய 'ஆரம்பகாலப் படைப்புகள்' 1969 இல் பேர்லின் விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. அதே படம் தன் நாட்டில் நீதிமன்ற நடவடிக்கைக்கும் உள்ளாயிற்று. கருவியைப் பொதுவுடைமையாக்கிய அரசு, அக்கருவி தன்னை நோக்கித் திரும்பியபோது பொறுக்கவில்லை. உற்பத்திச் சாதனத்தைப் பகிர்வது இன்றியமையாதது. அதுமட்டும் போதுமானதன்று என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

போலந்து நெறியாளர் கிறிஸ்தோவ் கீஸ்லோவ்ஸ்கியின் 'அமத்தோர்' (1979) என்னும் படத்தை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். தொழிற்சாலை ஊழியர் ஒருவர் தமக்குப் பிறந்த குழந்தையைப் படமெடுப்பதற்காக 8 மி.மீ. கமராவொன்றை வாங்குகின்றார். தொழிற்சாலையின் ஆண்டுநிறைவு விழாவைப் படமெடுக்குமாறு முகாமையாளர் பணிக்க, கழகமொன்று உருவாகின்றது. அமெச்சூர் போட்டியில் மூன்றாம் பரிசு கிடைக்கின்றது. அதன்பின் அவர் எடுக்கும் படங்கள் உண்மையை நெருங்க நெருங்க, அவற்றால் பிறர் தண்டிக்கப்படுகின்றனர். அவருடைய இல்லறமும் குலைகின்றது. கழகத்துக்குப் பணம் தருபவர், போட்டியின் நடுவர், படமெடுக்கப்படும் மனிதர் ஆகிய மூவருக்கும் இடையே அமெச்சூர் கலைஞர் அகப்பட்டு நிற்கும் நிலையை இத்துணைத் துல்லியமாகக் காட்டிய படைப்பு வேறில்லை எனலாம். படத்தின் முடிவில் அவர் கமராவைத் தம்மை நோக்கியே திருப்புகின்றார். தம்மை விசாரணைக்குட்படுத்தாத கமரா பிறரை விசாரிக்கும் உரிமையற்றது என்பது அதன் உட்கிடை.

5

இலங்கைச் சினிமாவின் வரலாற்றிலும் அமெச்சூர் இயக்கத்துக்கு உரிய இடம் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் லண்டனிலிருந்த காலத்தில், 1949 இல் ஆக்கிய 'சொலிலோக்கி' என்னும் குறும்படம் பிரித்தானிய அமெச்சூர் திரைப்படத்தாரின் பரிசைப் பெற்றது. பின்னர் அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் பணியாற்றி, அதனின்றும் விலகி, 1956 இல் அவர் ஆக்கிய 'ரேகாவ' சிங்களச் சினிமாவைத் தென்னிந்தியக் கலையகங்களின் நிழலிலிருந்து கிராமத்தின் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இங்கே பரிசு ஒரு முடிவாகாது, தொடக்கமாக அமைந்தது. அதற்குக் காரணம் பரிசு மட்டுமன்று. தேசிய கலாசார மறுமலர்ச்சி பொங்கியெழுந்த 1956 இன் சூழலும், பெற்ற பயிற்சியைப் பயன்கொள்ளும் நிறுவனமும் அவருக்கு வாய்த்திருந்தன.

ஈழத்துத் தமிழ்ச் சினிமாவுக்கு இவ்வாய்ப்புகள் கிட்டவில்லை. அதன் முதற் படமாகிய 'சமுதாயம்' (1962) 16 மி.மீ. சுருளிலே, அமெச்சூர் கருவியின் எல்லைக்குள்ளேயே எடுக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) ஆகியன இம்மண்ணின் மொழியையும் வாழ்வையும் திரைக்குக் கொணர முயன்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சூழலோடு தொடர்புகொண்டிருந்த தர்மசேன பத்திராஜ, தமிழரல்லாத நெறியாளராயினும், காவலூர் இராசதுரையின் எழுத்துத் துணையுடன் 'பொன்மணி'யில் சாதியையும் சீதனத்தையும் நேர்மையுடன் அணுகினார். வணிகரீதியில் அப்படம் தோற்றது. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் எரியூட்டப்பட்டபோது, படங்களின் மூலப்பிரதிகளும் சாம்பலாயின. தொடர்ச்சியற்ற இவ்வரலாற்றில், இன்றைய இளைஞர் கையிலுள்ள கமரா அமெச்சூரின் பொழுதுபோக்குக் கருவியாக மட்டும் இருத்தல் இயலாது. தொழிற்துறை இல்லாத இடத்தில் அமெச்சூரே சினிமாவின் முழுப் பொறுப்பையும் சுமக்கின்றார்.

தமிழகத்தில் நிலைமை வேறு. 2009 இல் கலைஞர் தொலைக்காட்சி தொடங்கிய 'நாளைய இயக்குனர்' குறும்படப் போட்டியிலிருந்து கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் முதலியோர் திரையுலகிற்குச் சென்றனர். நெறியாளரிடம் ஆண்டுக்கணக்கில் உதவியாளராயிருந்து, அவரது தயவை எதிர்பார்த்திருந்த பழைய முறையை இப்போட்டி ஓரளவு தகர்த்தது. இஃது ஒரு முன்னேற்றமே. ஆயின் நிகழ்ச்சியின் பெயரே அதன் குறிக்கோளை வெளிப்படுத்துகின்றது. குறும்படம் அங்கே தன்னளவில் முழுமையான வடிவமாகாது, முழுநீளப் படத்துக்கான விண்ணப்பப் படிவமாயிற்று. திடீர்த் திருப்பமுள்ள முடிவும் தயாரிப்பாளரைக் கவரும் வேகமும் அதன் இலக்கணங்களாயின. தமிழகத்தில் அவ்விண்ணப்பத்தை ஏற்பதற்குப் பெருந்தொழிற்துறையொன்று உண்டு. அத்தகைய தொழிற்துறை இல்லாத எமது பிரதேசத்தில் அவ்விலக்கணத்தை அப்படியே பின்பற்றுவது, திறக்கும் கதவில்லாத சுவரிலே தட்டுவதை ஒக்கும்.

6

வந்தாறுமூலைக்குக் கலைப்போட்டியும் கலைச்சுருக்கமும் புதியனவல்ல. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனையில் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்கேற்ப மீட்டுருவாக்கியபோது, மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) ஆகியவற்றால், படித்த வர்க்கம் இழிந்ததெனக் கருதிய கூத்துத் தேசிய மதிப்புப் பெற்றது. அம்முயற்சியின் வரலாற்று முக்கியத்துவம் ஐயத்துக்கிடமற்றது. அதே வேளை, விடியவிடிய வட்டக்களரியில் நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க ஆடப்பட்டது, ஒருபுறம் மட்டும் பார்வையாளரைக் கொண்ட மேடையில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துள் அடங்கிற்று. பாடசாலைப் போட்டிகள் அதனை இன்னும் சுருக்கின. கால எல்லை என்பது வெறும் நிருவாக ஒழுங்கன்று. அது வடிவத்தின் உள்ளேயே புகுந்து அதனை மாற்றும் ஆற்றல் வாய்ந்தது.

கூத்தின் மரபுவழி அமைப்பை நோக்குவோமாயின், அமெச்சூர் கலையின் நிறைந்த உருவத்தைக் காணலாம். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்தோரே இரவில் ஆடினர். சட்டங் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என மாதக்கணக்கில் நிகழும் பயிற்சியின் ஒவ்வொரு கட்டத்தையும் ஊர் பார்த்தது, குறை சொன்னது, திருத்திற்று. அரங்கேற்றத்தின் பின் வீட்டுக்கு வீடு ஆடி, கலை மீண்டும் ஊரிடமே சென்றது. இதனை இலட்சியமயப்படுத்துதல் வேண்டா. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். சாதிக் கட்டமைப்பு களரியையும் பாதித்தது. ஆயினும் உற்பத்தியாளருக்கும் பார்வையாளருக்கும் இடையிலே சந்தை குறுக்கிடாத உறவொன்று அங்கு நிலவியது.

போட்டியுணர்வு இம்மரபுக்கு அந்நியமானது என்றும் கூறிவிட முடியாது. கண்ணகி வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டிலே ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிகின்றது. இரு கொம்புகளைக் கொளுவி, வடம் பூட்டி, இரு சேரியாரும் இழுக்கின்றனர். வென்றவர் தோற்றவரை வசைபாடுவதும் உண்டு. ஆனால் மழையும் நோய்நீக்கமும் வேண்டியே போட்டி நிகழ்கின்றது. அவை கிடைத்தால் இரு சேரிக்கும் பொது. அங்கே நடுவர் குழு இல்லை, தனிப்பட்ட வெற்றியாளரும் இல்லை. எனவே போட்டி வேண்டுமா, வேண்டாவா என்பதிலும், எவ்வகைப் போட்டி, எவருடைய பயனுக்காக என்பதே கேட்கத்தக்க வினா.

7

இவ்வினாவை வந்தாறுமூலையில் எழுப்பும்போது அதன் கனம் கூடுகின்றது. 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகிய இவ்வளாகம், 1990 இல் ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாயிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆம் திகதி இங்கிருந்து இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய உறவினர் வாவியின் இரு கரைகளிலும் வாழ்கின்றனர். முஸ்லிம் ஊர்களும் அதே ஆண்டில் கொலைகளையும் இழப்புகளையும் சந்தித்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நிகழ்ந்த படுகொலைகள் இந்நினைவின் பிரிக்கமுடியாத பகுதிகளாம்.

இத்தகைய சூழலில் மாணவர் கழகமொன்று கமராவைக் கையிலெடுக்குமாயின், தாயொருத்தியின் காத்திருப்பு அதன் கருப்பொருளாதல் இயல்பே. அக்காத்திருப்பு ஐந்து நிமிடத்துக்குள் அடக்கப்பட்டு, சோக இசை சேர்க்கப்பட்டு, தொலைநகரொன்றின் நடுவர்முன் வைக்கப்படும்போது நிகழ்வது யாது? துயரம் மூலப்பொருளாகின்றது, படம் பண்டமாகின்றது, பரிசு நெறியாளரைச் சேர்கின்றது. தாய் அப்படத்தைப் பார்த்தாளா என்று எவரும் கேட்பதில்லை. படமெடுத்தவரின் மனம் நல்லதாயிருந்தாலும் இவ்வுறவு மாறுவதில்லை. உற்பத்தி உறவுகள் நல்லெண்ணத்தால் மாறுவனவல்ல. துயரத்தைப் படமாக்கலாகாது என்பது எமது வாதமன்று. மௌனம் இழைத்தவருக்கே துணைசெய்யும். படமாக்கும் முறையும், படம் சென்றடையும் இடமும், அதன் உரிமையும் மாறவேண்டும் என்பதே எமது வாதம்.

ஆகவே இங்கு அமையும் எந்தக் கழகமும் சில நெறிகளை மேற்கொள்ளுதல் நன்று. கமராவும் ஒலிவாங்கியும் கழகத்தின் பொதுச் சொத்தாதல் வேண்டும். விலையுயர்ந்த கைத்தொலைபேசி உடையவரே நெறியாளர் என்னும் நிலை ஒழிய வேண்டும். படத்தின் முதற் காட்சி அது எடுக்கப்பட்ட ஊரிலேயே நடைபெறுதல் வேண்டும். ஊரார் சொல்லும் திருத்தம், கூத்தின் அடுக்குப் பார்த்தலைப் போல, ஆக்கத்தின் ஒரு கட்டமாகக் கொள்ளப்படுதல் வேண்டும். போட்டிக்காகச் சுருக்கிய வடிவத்தை அனுப்பலாம். ஆனால் ஊருக்குரிய முழு வடிவம் அதற்குப் பலியாதல் ஆகாது. கழகம் தானே போட்டி நடத்துமாயின், நடுவரின் தீர்ப்பு காரணங்களுடன் பொதுவில் விவாதிக்கப்படுதல் வேண்டும். எடுத்த காட்சிகள் அனைத்தும் பல்கலைக்கழக நூலகத்தில், படமெடுக்கப்பட்டோரின் சம்மதத்துடன், பாதுகாக்கப்படுதல் வேண்டும். 1983 இல் எரிந்த சுருள்கள் ஆவணக் காப்பகம் இல்லாத சமூகத்தின் நிலையை எமக்கு உணர்த்தியுள்ளன.

கருப்பொருளும் விரிவடைதல் வேண்டும். போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையில் நிலவிவந்த உறவு எவ்வாறு மாறிற்று? படுவான்கரையிலிருந்து நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணின் நாள் எவ்வாறு கழிகின்றது? வாவியை நம்பிய தமிழ், முஸ்லிம் மீனவர் அதனை எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றனர்? இவை போட்டிக்குரிய 'வலுவான' கதைகளாகத் தோன்றாமற் போகலாம். ஆயினும் இப்பிரதேசத்தின் வாழ்வை இயக்குவன இவையே. துயரத்தை மட்டுமே பார்க்கும் கமரா, அத்துயரத்தைத் தோற்றுவித்த சமூக உறவுகளைப் பார்க்கத் தவறிவிடும்.

அமெச்சூர் கலைஞரிடம் தொழிற்துறைக் கலைஞரிடம் இல்லாத ஒரு செல்வம் உண்டு: அவர் விற்கவேண்டியதில்லை. முதலீட்டை மீட்கவேண்டிய அவசரமும் அவருக்கு இல்லை. ஒரு படத்துக்காக ஓராண்டு காத்திருக்கலாம். பிழையென ஊரார் சொன்னால் மீண்டும் எடுக்கலாம். பரிசை நோக்கிய ஓட்டத்தில் முதலிற் பறிபோவது இச்செல்வமே. அதனைக் காக்கும் கழகம் போட்டிகளிலும் வெல்லக்கூடும். வெல்லாவிடினும், தன் மக்களின் முகத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்த பணி எஞ்சும். அப்பணியின் பெறுமதியைத் தீர்மானிக்கும் நடுவர்கள் இவ்வாவியின் கரைகளிலேயே இருக்கின்றனர்.